வல்லை வெளியும் வைகாசி வெயிலும்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது எம்மவர் வாக்கு. அதனை அறிந்துகொள்வதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மிகப் பொருத்தமான இடம் எதுவென்று யாரேனும் கேட்பாராயின், வல்லை வெளி என்று நாம் தயங்காமற் கூறுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெரு கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என ஊர் ஊராகத் தோட்டங்களையும் வேலிகளையும் கடந்து சென்று, திடீரென ஒரு வெறுவெளியிலே போய் விழுகின்றது. இரு மருங்கும் உவர்நிலம், அப்பாற் கடல்நீரேரி, தலைக்குமேலே வானம். மரமென்று மதிக்கத்தக்க ஒரு மரத்தைத் தேடிக் கண் அலைந்து ஓயும். இரவிலே அவ்வெளியிற் பேய் உலாவும் என்று எமது சிறுபராயத்திலே பெரியோர் பயமுறுத்துவர். பேயை நாம் ஒருபோதும் கண்டதில்லை. ஆனால், நண்பகலிலே அங்கு உலாவும் ஒன்றனை ஒருமுறை நேருக்கு நேர் கண்டோம். அதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

எமது தலைமுறையினருக்குத் துவிச்சக்கர வண்டி ஒரு வாகனமன்று. உடம்பின் ஓர் உறுப்பு. 1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்திலே, மாப்பிள்ளையும் அதிலேதான் போனார். நோயாளியும் அதிலேதான் போனார். விறகும், வாழைக்குலையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூவரும் ஒரே வண்டியிற் போயினர். காலையிலே யாழ்ப்பாணத்தில் ஏறி, வடமராட்சியிலே அலுவலை முடித்துக்கொண்டு, மாலையிலே திரும்பி வந்தோர் எண்ணிறந்தோர். நாமும் அவருள் ஒருவர். அந்தப் பெருமை இன்றளவும் எம்மை விட்டு நீங்கவில்லை. அதுவே பின்னர் வினையாயிற்று என்பதை நேயர்கள் போகப் போக அறிவார்கள்.

அதன்பின் மோட்டார்ச் சைக்கிள்கள் பெருகின. துவிச்சக்கர வண்டிகள் கொட்டிற் சுவர்களிலே சாய்ந்து துருப்பிடித்தன. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியோ அவற்றை மறுபடியும் தெருவுக்கு இழுத்து வந்தது; கொழும்பிலே கழுத்துப்பட்டி அணிந்த உத்தியோகத்தரும் மிதிக்கக் கண்டோம். நெருக்கடி தணிந்த பின்னரும் அப்பழக்கத்தைக் கைவிடாத இளைஞர் பலர் உளர். நீண்ட தூரம் ஓடுவதை ஒரு விளையாட்டாகவே கொண்டுவிட்டனர். நல்ல காரியந்தான். அவர்களை நினைத்தே இந்தக் கதையைச் சொல்லத் துணிந்தோம்.

2018ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பருத்தித்துறைக்கு அண்மையிலே உறவினர் ஒருவர் புதிதாகக் கட்டிய வீட்டிற்குக் குடிபூரல். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம் என்று சொல்லியிருந்தோம். எமது தமக்கையாரின் மகன் பேராதனையிலே படித்துக்கொண்டிருந்தவன். அன்று விடியற்புறந்தான் இரவு பஸ் வண்டியிலே வந்து இறங்கியிருந்தான். ஓட்டோ ஒன்று பிடிப்போம் என்று நாம் சொல்ல, அவன் சிரித்தான்.

“ஓட்டோ என்னத்துக்கு மாமா? சைக்கிளிலை போவம். அந்த நாளையிலை நீங்கள் போன கதையை எத்தினை தரம் சொல்லியிருக்கிறியள்!”

இப்படி ஒருவன் கேட்டபின் மறுக்க எமக்கு மனம் வருமா? வண்டிகளைத் துடைத்து, ஒரு சில்லுக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்துப் புறப்பட்டபோது மணி பத்தரை. இன்று எண்ணிப் பார்க்கையில் அந்தப் பத்தரை மணியிலேயே முக்காற் பங்கு பிழையும் நடந்து முடிந்துவிட்டது. பிள்ளை இரவு முழுவதும் உறங்கவில்லை. பல மாதம் மலைநாட்டுக் குளிர்மையில் இருந்துவிட்டு வந்த உடம்பு. காலையிலே இரண்டு இடியப்பமும் ஒரு தேநீரும் மாத்திரம் உட்கொண்டிருந்தான். உடுத்தியிருந்ததோ பல்கலைக்கழகத்துப் பெயர் பொறித்த கறுத்த ரீசேட்டு. இருவருக்குமாக ஒரேயொரு தண்ணீர்ப் போத்தல். ஏறத்தாழ 33 கிலோமீற்றர்த் தூரத்துக்கு இஃது எம்மாத்திரம் என்று அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை.

சோளகம் தொடங்கியிருந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, வடகிழக்கு நோக்கிச் செல்லும் எம்மை முதுகிலே கைவைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளிற்று. மிதிக்க வேண்டிய அவசியமே இல்லாததுபோல வண்டிகள் ஓடின. நீர்வேலி வாழைத்தோட்டங்களைக் கடக்கையில் மருமகன் பாட்டுக்கூடப் பாடினான். புத்தூரை அடைந்ததும் பாட்டு நின்றது.

“மாமா, கொஞ்சம் இருந்திட்டுப் போவமா? தலை இடிக்குது.”

தெருவோரத்தில் ஒரு கடையும், கடை வாசலில் ஒரு வாங்கும், வாங்கின்மேல் நல்ல நிழலும் இருந்தன. நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “இதுக்குள்ளை களைச்சுப் போனியோ தம்பி? வல்லையைத் தாண்டினால் நெல்லியடி. அங்கை நல்ல குளிர்ச் சோடா வாங்கித் தாறன். தொண்ணூற்றிரண்டிலை நாங்கள் இருபது லீற்றர் மண்ணெண்ணெயையும் கட்டிக்கொண்டெல்லோ இந்த வெளியைத் தாண்டினனாங்கள்.” அவன் மறுமொழி சொல்லாமல் ஏறினான். மாமன் சொல்லைத் தட்டாத பிள்ளை. அந்த வாங்கும் நிழலும் இன்றும் எமது கனவிலே வருவதுண்டு.

வெளியின் நடுவழியிலே அவனுடைய முன்சில்லு ஆடத் தொடங்கிற்று. தெருவின் நடுவுக்குப் போனான். பின்னால் வந்த வான் ஒன்று ஊதிக்கொண்டு விலகிற்று. “லெக்சருக்குப் பிந்திப் போச்சு மாமா, மற்றப் பக்கத்தாலை போவம்” என்றான். நாம் பகிடியென்று நினைத்துச் சிரித்தோம். ஆம், சிரித்தோம். சற்றுப் பொறுத்து, “என்ன தம்பி, ஏலாமல் கிடக்கோ?” என்று கேட்டபோது, “ஒண்டுமில்லை, விடுங்கோ!” என்று சீறி விழுந்தான். எம்மிடம் ஒருநாளும் குரலை உயர்த்தாத பிள்ளை அவன். அப்பொழுதாயினும் எமக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்குமுன் அவன் வண்டியோடு உவர்மண்ணிலே சாய்ந்தான்.

தொட்ட கை சுட்டது. உடம்பெல்லாம் வியர்வை ஆறாக ஓடியது. “வியர்க்கிறதே, ஆகையால் வெயில் அடித்ததாக இருக்காது” என்று எம்முடைய அறிவு சொல்லிற்று. வெப்ப அதிர்ச்சி கண்டவனுக்கு வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்றே நாம் படித்திருந்தோம். வாயிலே தண்ணீரை ஊற்றப் போனோம். அது கடைவாயால் வழிந்தது. கண் திறந்திருந்தது, எம்மைப் பார்க்கவில்லை.

அந்த வேளையிலே பருத்தித்துறைப் பக்கமிருந்து மோட்டார்ச் சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்த வியாபாரி ஒருவர் நிறுத்தினார். எம்மைவிட இருபது வயது இளையவர். ஆனால் அந்த நேரத்திலே எமக்குத் தகப்பனாராக விளங்கினார்.

“வாயுக்கை ஒண்டும் ஊத்தாதேங்கோ ஐயா, புரைக்கேறிப் போம். முதல்லை சேட்டைக் கழட்டுங்கோ.”

ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், ஏதாவது வாகனத்தை மறியுங்கள் என்று நாம் பதறினோம். “போவம், போவம். அதுக்கு முதல் ஆளைக் குளிரப் பண்ண வேணும்” என்றவர் தமது றெஜிபோம் பெட்டியைத் திறந்தார். மீனைத் தெருவிலே சாக்கொன்றை விரித்துக் கொட்டினார். ஐஸ் கரைந்த தண்ணீரை அள்ளித் தலையிலிருந்து கால்வரை ஊற்றினார். ஐஸ்கட்டிகளைச் சாரத்துண்டிலே சுற்றிக் கழுத்திலும், கமக்கட்டுகளிலும், தொடை இடுக்கிலும் வைத்தார். எமது சால்வையை எம்மிடமே தந்து, “விடாமல் விசுக்குங்கோ” என்றார். விசுக்கினோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மணித்தியாலம் இருக்கலாம்; எமக்கு அது கால் ஆயுள். ஈற்றிலே பிள்ளை கண்ணைச் சுருக்கி, எம்மைப் பார்த்து, “ஏன் மாமா மீன் மணக்குது?” என்று கேட்டான். எம்முடைய வாழ்நாளிற் கேட்ட வசனங்களிலே அதற்கு நிகரானது வேறில்லை.

வியாபாரி மறித்துத் தந்த ஓட்டோவிலே ஏறிக்கொண்டு, கரைந்த ஐசுக்கும் பழுதாகப் போகும் மீனுக்கும் காசு நீட்டினோம். “பிள்ளையைக் கொண்டு போங்கோ ஐயா” என்று கையைத் தள்ளிவிட்டார். கடலிலே தோணியில் இப்படி ஒருவர் விழுந்ததைத் தாம் முன்னர் கண்டதாக மட்டுஞ் சொன்னார். பெயரைக் கேட்க மறந்தோம்.

வைத்தியசாலையிலே சேலைன் ஏற்றி, குருதியைச் சோதித்து, சிறுநீரகமும் தசைகளும் பழுதுபடவில்லை என்று உறுதி கண்ட பின்னர் மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அங்கிருந்த இளம் வைத்தியர் ஒருவர், ஓய்ந்திருந்த நேரத்தில் எமக்குச் சிலவற்றை விளக்கினார். அதன்பின் நாமாகத் தேடிப் படித்தவையும் உண்டு. ஓய்வூதியம் பெறுபவனுக்குப் படிக்க நேரமா இல்லை?

மனித உடம்பு ஏறத்தாழ 37 பாகை செல்சியசிலே தன்னை நிறுத்திக்கொள்ளப் பாடுபடுகின்றது. வண்டி மிதிப்பவனுடைய தசைகள் செலவிடும் சக்தியிலே நாலிலொரு பங்களவுதான் சில்லைச் சுற்றுகிறது. மிச்சம் யாவும் சூடாக மாறி உள்ளே தங்குகின்றது. வெளியே வெயில் ஒரு அடுப்பு, உள்ளே தசை ஒரு அடுப்பு. இரண்டுக்கும் இடையிலே அகப்பட்ட பானை நாம். பானை கொதிக்காமற் காப்பது வியர்வை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வியர்வை ஓடுவதால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகப் போவதாலேயே குளிர்கின்றது. சொட்டுச் சொட்டாக நிலத்திலே விழும் வியர்வை, நீரையும் உப்பையும் கொண்டு போவதன்றி ஒரு நன்மையுஞ் செய்வதில்லை.

சாள்ஸ் பிளாக்டென் என்னும் ஆங்கில வைத்தியர் 1775ஆம் ஆண்டிலே ஒரு விசித்திரமான பரிசோதனையை வெளியிட்டார். கொதிநீரிலும் கூடிய சூடேற்றிய உலர்ந்த அறையொன்றினுள் அவரும் நண்பர்களும் சில நிமிடம் நின்று சுகமாக வெளியே வந்தனர். அதே அறையிலே வைத்த முட்டையும் இறைச்சித் துண்டும் வெந்து போயின. உயிருள்ள உடம்பு வியர்த்து, அவ்வியர்வை உலர்ந்த காற்றிலே உடனுக்குடன் ஆவியானமையே அவர்கள் வேகாமைக்குப் பெருங்காரணம். எமது நாட்டிலோ நாற்புறமுங் கடல். காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆகையால், வெப்பமானி 33 பாகை காட்டும் நாளிலே உடம்புக்கு அதனிலும் பன்மடங்கு வெக்கையாக இருப்பதுண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தார் வெப்பநிலையை மட்டும் சொல்லாது, ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்த வெப்பச் சுட்டெண்ணைக் கொண்டு எச்சரிக்கை விடுவது இதனாலேதான். தூரப் பயணம் போவோர் அதனை முதல்நாளே பார்த்துக்கொள்வது நன்று.

இனிச் சோளகத்துக்கு வருவோம். இதை அந்த வைத்தியர் ஒரு கடதாசியிலே இரண்டு அம்புக்குறி கீறிக் காட்டியபோது நாம் வெட்கினோம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஓடுகிறது. அதே வேகத்தில், அதே திசையில், பின்னாலிருந்து காற்று வீசுகிறது. அப்படியாயின் ஓட்டுபவனுடைய மேனியிலே எவ்வளவு காற்றுப் படும்? ஒன்றுமில்லை. அவன் காற்றில்லாத அறைக்குள் இருந்து மிதிப்பவனுக்குச் சமானம். காற்று உதவுகிறதென்று நாம் மகிழ்ந்த அந்த ஒரு மணித்தியாலமும், மருமகனுடைய வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டேயிருந்தது. எதிர்காற்றோ களைக்கப் பண்ணும். ஆனால் குளிரவும் பண்ணும். அதற்கும் ஒரு சூது உண்டு: எதிர்காற்றிலே வியர்வை தோன்றுமுன்னரே உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பது தெரியாமற் போகின்றது. வண்டியை நிறுத்தியதும் குபீரென்று வியர்ப்பதை எல்லோரும் அறிவர். அதுவே மறைந்திருந்த கணக்கு. கடும் வெயிலிலே மிதிப்பவன் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர்வரை, சிலவேளை அதற்கு மேலும், வியர்வையாக இழக்கக்கூடும். எமது ஒற்றைப் போத்தலை எண்ணிப் பாருங்கள்.

பழக்கம் என்பதும் பெரிய விஷயம். வெயிலிலே நாள்தோறும் உழைப்பவன் உடம்பு ஒன்றிரண்டு கிழமையில் மாறிவிடுகிறது. விரைவிலே வியர்க்கத் தொடங்குகிறது, கூடுதலாக வியர்க்கிறது, வியர்வையோடு போகும் உப்பும் குறைகின்றது. குளிரான ஊரிலிருந்து வந்தவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 1992ஆம் ஆண்டிலே மண்ணெண்ணெய் கட்டிச் சென்ற நாம் வீரர் அல்லேம். ஆண்டு முழுவதும் வெயிலிலே கிடந்து பழகியிருந்தோம், அவ்வளவுதான். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரும் முதல் ஒரு கிழமை காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக ஓடி உடம்பைப் பழக்கிய பின்னரே பகற்பயணத்தை எண்ண வேண்டும். காய்ச்சல் அல்லது வயிற்றோட்டம் கண்டு தேறியவர், நித்திரை கெட்டவர், முதல்நாள் மது அருந்தியவர் ஆகியோருக்கு அன்று சைக்கிள் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைக் கூட்டும் குளிசை எடுப்போரும், தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் மருந்தெடுப்போரும் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

ஆனால், இவை யாவற்றினும் எம்மை உறுத்துவது வேறொன்று. வெப்பம் முதலிலே கொண்டுபோவது காலின் பலத்தையன்று, புத்தியை. தலையிடி, மயக்கம், ஓங்காளம், வெளிறிய முகம் ஆகியவை வெப்பக் களைப்பின் அடையாளங்கள். அந்த நிலையிலே நிழலிற் கிடத்தி, காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, நீராகாரம் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். புத்தூரிலே பிள்ளை இருந்த நிலை அதுவே. அதற்கு அப்பால், உடம்பின் உட்சூடு 40 பாகையைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டால் வருவது வெப்ப அதிர்ச்சி. உளறல், காரணமில்லாக் கோபம், தள்ளாட்டம், வலிப்பு, அறிவிழத்தல் ஆகியவையே அதன் அடையாளம். வியர்வை இருக்கிறதா இல்லையா என்பது அடையாளமன்று. உழைக்கும்போது இந்நோய் கண்டவர் பலருக்கு வியர்வை கொட்டிக்கொண்டேயிருக்கும். இந்த நிலையை அடைந்தவன் தான் அதை அடைந்ததை அறியான். “ஒண்டுமில்லை, விடுங்கோ” என்பதுதான் நோயின் குரல்.

1967ஆம் ஆண்டு ஆடி மாதம் 13ஆம் திகதி, பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற சைக்கிள் ஓட்டப்போட்டியிலே, வென்ரூ என்னும் மலையின்மேல் ரொம் சிம்ஸன் என்ற ஆங்கிலேயர் இறந்தார். 1965இல் உலக வெற்றிவீரராகத் திகழ்ந்தவர், வயது 29. அம்மலையின் உச்சிப்பகுதி மரமற்ற வெண்கல் வெளி. வெயில் கல்லிலும் பட்டுத் தெறிக்கும். அவர் ஊக்கமருந்து உட்கொண்டிருந்தார், மதுவும் அருந்தியிருந்தார் என்பது உண்மை. அவற்றோடு வெயிலும் உழைப்பும் சேர்ந்தே அவரைக் கொன்றன. அந்நாளிலே நீர் அதிகம் அருந்தாமலிருப்பதே ஓட்டவீரனுக்கு அழகென்று ஐரோப்பாவிலும் எண்ணினர். எமக்கு மாத்திரம் உரிய மடமையன்று அது. எமது நெஞ்சை வருத்துவது யாதெனில், அவர் ஒருமுறை விழுந்தபோது, தொடர்ந்து ஓட வேண்டும் என்றே நின்றார். உடன் நின்றோர் தூக்கி மீண்டும் வண்டியில் ஏற்றிவிட்டனர். சிறிது தூரம் சென்று மறுபடியும் விழுந்தவர் எழவில்லை. ஏற்றிவிட்டவர்கள் அன்பினாலேதான் ஏற்றிவிட்டார்கள். நாமும் புத்தூரிலே அன்பினாலேதான் “ஏறு” என்றோம்.

ஆதலால் இருவராகவோ பலராகவோ போவோர், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றே புறப்பட வேண்டும். எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு மேல் ஓடுவதில்லை என்பவற்றைக் குளிர்ந்த தலையோடு வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வெயிலிலே சூடேறிய தலையிடம் அந்தத் தீர்மானத்தை விட்டுவைக்கலாகாது. ஒருவன் நிற்போமா என்று கேட்டால் அது கேள்வியன்று; அங்கேயே நிற்க வேண்டும். விழுந்தவனைக் குளிரச் செய்வது முதல், கொண்டு போவது பிறகு. ஐஸ் இல்லையேல் கிணற்று நீர் போதும், அதுவும் இல்லையேல் கையிலுள்ள எந்த நீரும் போதும். ஊற்றி விசுக்க வேண்டும். அதற்கிடையில் இன்னொருவர் வாகனம் தேடட்டும். காய்ச்சல் என்று எண்ணிப் பனடோல் கொடுப்பது பயனற்றது, தீங்கும் பயக்கும். நினைவு தெளியாதவனுக்கு வாயால் எதையுங் கொடுத்தலாகாது.

குடிப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் தாய்மார் எம்மை மன்னிக்கமாட்டார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு அருந்தலாம். தனித் தண்ணீரையே குடங்குடமாகக் குடிப்பதும் ஆபத்து. குருதியிலே உப்புக் குறைந்து, அதுவும் மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். உப்பிட்ட மோரும், கஞ்சியும், உப்பும் சீனியும் கரைத்த தேசிக்காய்த் தண்ணீரும் எம்மிடம் இருக்கின்றன. பாமசியில் விற்கும் ஜீவனிப் பைக்கற்று ஒன்றைச் சட்டைப்பையிற் கொண்டுபோய், வேண்டியபோது அதிலே எழுதியுள்ள அளவு நீரிற் கரைத்துக்கொள்ளலாம். சிறுநீர் வெளிறிய நிறமாயிருந்தால் உடம்பிலே நீர் போதும்; தேநீர் நிறமாயிருந்தால் வண்டியைச் சாத்திவிட வேண்டும். உடை வெளிர் நிறமாயும் தளர்வாயும் இருக்கட்டும்.

மோட்டார்ச் சைக்கிளுக்கும் இதிலே விலக்கில்லை. மிதிக்கும் உழைப்பு இல்லையாயினும், தலைக்கவசமும் தடித்த சட்டையும் சூட்டை உள்ளே அடைத்து வைக்கின்றன. கண்டி வீதியிலே வன்னிக் காட்டைக் கடந்து பகல் முழுவதும் ஓடுவோர், மணிக்கொருதரம் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் நனைத்துச் செல்வாராக. தலைக்கவசம் சுடுகிறதென்று கழற்றித் தொட்டியிலே மாட்டிக்கொண்டு ஓடுவதை நாம் சொல்லவில்லை. அது வேறு வகைத் தற்கொலை.

எம் முன்னோர் இவற்றையெல்லாம் நூலிற் படித்தாரில்லை, ஆயினும் அறிந்திருந்தனர். பழைய தெருக்களிலே சுமைதாங்கி, அருகே நிழல்மரம், கேணி, மாடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி, அவை உராய்ந்து நிற்க ஆவுரஞ்சிக்கல், வழிப்போக்கருக்கு மடம் என்று கட்டிவைத்தார்கள். பருத்தித்துறையிலே தெருவையே உள்ளடக்கிக் கூரை போட்ட தெருமூடி மடம் இன்றும் உண்டு. அதன் கற்றிண்ணையில் நண்பகலில் இருந்து பார்த்தவருக்குத்தான் அதன் பெருமை தெரியும். தெருவிலே போகிறவன் எல்லோரும் அந்த நிழலுக்குள்ளால்தான் போயாக வேண்டும். நிற்க விரும்பாதவனுக்கும் சற்று நிழல் கொடுத்தார்கள்! தண்ணீர்ப்பந்தல் திருவிழாவுக்கு மாத்திரம் உரியது என்று நாம்தான் பின்னர் ஆக்கிவிட்டோம். எமது காலத்திலே தெருக்கள் அகன்றன, தார் கறுத்தது, நின்ற மரங்கள் வீழ்ந்தன. அகன்ற தெரு வேண்டாமென்று யார் சொல்வார்? வெட்டிய மரத்துக்கு ஈடாக ஒரு வேம்பையாவது நட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறோம்.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்று மீந்திருக்கிறது. மருமகன் வழியிலே மயங்கி விழுந்தான் என்று மட்டுமே தமக்கையாரிடம் அன்று சொன்னோம். புத்தூரிலே அவன் நிற்கக் கேட்டதையும், நாம் மறுத்ததையும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. இந்த இதழை அக்கா ஞாயிறுதோறும் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பவர். வாசித்துவிட்டுத் தொலைபேசியில் அழைப்பார். அழைக்கட்டும்.

சென்ற ஆண்டு வைகாசியிலே மருமகன் மறுபடியும் வந்து, “மாமா, பருத்தித்துறைக்குப் போவமா?” என்றான். இப்பொழுது அவனுக்கு உத்தியோகம். எமக்கு இரத்த அழுத்தத்துக்குக் குளிசை. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஆளுக்கு இரண்டு போத்தல். ஒன்றிலே தண்ணீர், மற்றதிலே மோர். புத்தூரிலே நாம் கேளாமலே வண்டியை நிறுத்தி, அதே கடை வாங்கிலே எம்மை இருத்தி, முகத்தை உற்றுப் பார்த்தான்.

“மாமா, இண்டைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி” என்றோம்.

அன்று சனிக்கிழமை. ஓய்வூதியம் பெறத் தொடங்கிய நாள்முதல் கிழமை எமக்கு மறந்து போவது வழக்கம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். அவன் கேட்கவில்லை. தலையிலே தண்ணீர் ஊற்றி, மோரைக் குடிப்பித்து, அரை மணித்தியாலம் எழும்ப விடாமல் வைத்திருந்தான். வல்லை வெளியைக் கடக்கும்போது மணி ஏழு. கடல்நீரேரியிலே கொக்குகள் நின்றன. எதிரே மீன்பெட்டியோடு வந்த மோட்டார்ச் சைக்கிள்களில் ஒவ்வொன்றையும் இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனோம்.